"உங்க பையன் வந்திருக்கான் மேடம்"

பள்ளிக்கூட வாசலில் வண்டியை நிறுத்தும்போதே யாராவது ஓர் ஆசிரியர் இப்படிச் சொல்வார். அன்பாகத்தான் சொல்வார். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்காக வாரத்துக்கு ஒரு நாள் அந்தப் பள்ளிக்குப் போகும் சிறப்புப் பயிற்றுநர் நான். செல்லம்பட்டி, உசிலம்பட்டி, சேடப்பட்டி என்று மதுரைக்கு மேற்கே சுற்றிச் சுற்றி 17 வருடம் ஆகிறது. அந்தப் பையன் திங்கள் முதல் வெள்ளி வரை உட்காருவது அவருடைய வகுப்பில். அவன் பெயர் இருப்பது அவருடைய வருகைப் பதிவேட்டில். ஆனாலும் அவன் என்னுடைய பையன். நான் போகிற நாளில் ஒரு மணி நேரம் அவனோடு உட்காருவேன். மற்ற நாளெல்லாம் கடைசி வரிசையில் சுவரோரம் இருப்பான். "தொந்தரவே இல்ல மேடம், தங்கமான பையன்" என்பார்கள்.

புதிதாக ஆசிரியர் வேலைக்கு வருகிறவர்களை 'உங்க பையன்' என்ற இந்த ஒரு வாக்கியத்திலிருந்து வெளியே கொண்டுவருவதுதான் கடந்த சில வருடங்களாக என் வேலையில் பாதி. அதில் எனக்குக் கைகூடியதையும் கூடாததையும் எழுதுகிறேன். பிள்ளைகள் பெயர், ஊர், பள்ளிப் பெயர் எதையும் சொல்லப்போவதில்லை. நாளைக்கு அந்தப் பிள்ளைகளே வளர்ந்து இதைப் படிக்கக்கூடும்.

பி.எட். படிப்பு 2015-16இல் இரண்டு வருடமானது. இரண்டாம் வருடத்தில் 16 வாரம் பள்ளியில் இருந்து பழக வேண்டும். தொடக்கக் கல்விப் பட்டயம் படிப்பவர்களும் வருவார்கள். உள்ளடக்கிய கல்வி என்று ஒரு தாளைப் படித்துத் தேறிவிட்டுத்தான் வருகிறார்கள். 2016ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைக் குறைபாட்டையும் கேட்டால் கடகடவென்று ஒப்பிப்பார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் 1995ஆம் வருடச் சட்டம். அதில் 7 வகைதான். அதை ஒப்பிக்கவே நான் திணறினேன். இவர்கள் கெட்டிக்காரர்கள்.

"இதுல ஒரு பிள்ளகூடயாச்சும் பக்கத்துல உக்காந்து ஒரு மணி நேரம் இருந்திருக்கியாம்மா?" என்று கேட்பேன். பெரும்பாலும் பதில் இருக்காது. அவர்களைக் குறை சொல்ல முடியாது, யாரும் உட்கார வைக்கவில்லை.

பட்டியலை மட்டும் தெரிந்துகொண்டு பள்ளிக்குள் வருவதில் ஓர் ஆபத்து இருக்கிறது. பிள்ளையைப் பார்த்த மாத்திரத்தில் பட்டியலில் எந்த எண் என்று மனசு தேட ஆரம்பித்துவிடும். எனக்கு அப்படித்தான் ஆனது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவனைக் காட்டினார்கள். எழுதமாட்டான், பதில் சொல்லமாட்டான், கூப்பிட்டால் சில நாள் வருவான், சில நாள் வரமாட்டான். நான் ஒரு சோதனை வைத்தேன். நிறம் சொல்லு, எண் சொல்லு, இதை எடு, அதை அங்கே வை. பாதிக்கு மேல் தப்பு. 'மனவளர்ச்சி குன்றியவர்' என்று பதிவேட்டில் எழுதினேன். அன்றைக்கு அந்தச் சொல்தான் புழக்கத்தில் இருந்தது. அதன்பிறகு ஒரு வருடம் அவனுக்கு மணி கோக்கவும், வண்ணக் கட்டை அடுக்கவும் சொல்லிக்கொடுத்தேன். எழுத்து சொல்லித்தரவில்லை. இதற்கு இது போதும் என்று நினைத்தேன்.

ஒரு ஐப்பசி மாதம் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். மழை பெய்துகொண்டிருந்தது. அவனுடைய அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்து அவன் காதைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மழ காலத்துல இவனுக்குக் காதுல சீழ் வடியும் தாயி. கம்மாயில குளிச்சு குளிச்சு இப்பிடி ஆயிருச்சு. அப்பல்லாம் கூப்புட்டாத் திரும்ப மாட்டான். வெயிலு ஏறிருச்சுன்னா நல்லாக் கேப்பான்."

எனக்குக் கால் அடியில் தரை நழுவியது. நான் வைத்த சோதனை முழுக்க வாய்ச் சோதனை. காது கேட்காத பிள்ளையிடம் வாயால் கேட்டுவிட்டு, அறிவில்லை என்று எழுதியிருக்கிறேன். சில நாள் வருவான், சில நாள் வரமாட்டான் என்று அந்த ஆசிரியர் சொன்னதிலேயே துப்பு இருந்தது. எனக்கு அதைக் கேட்கப் பொறுமை இருக்கவில்லை. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். செவிப்பறையில் ஓட்டை. காதை ஈரமில்லாமல் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள், மருந்து தந்தார்கள், பிறகு அறுவைச் சிகிச்சையும் நடந்தது. பையன் அடுத்த வருடம் எழுத்துக் கூட்டினான். மணி கோத்த அந்த ஒரு வருடத்தை அவனுக்கு என்னால் திருப்பித்தர முடியாது.

அதனால் பயிற்சிக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் முதல் நாள் ஒரு நோட்டு கொடுக்கிறேன். நடுவில் கோடு போட்டு இடது பக்கம் 'பார்த்தது', வலது பக்கம் 'நினைத்தது' என்று எழுதச் சொல்வேன். முதல் வாரம் முழுக்க வலது பக்கம் காலியாக இருக்க வேண்டும். கேட்க எளிதாக இருக்கும், செய்து பார்த்தால்தான் தெரியும். போன வருடம் வந்த ஒரு பெண் முதல் நாளே இடது பக்கத்தில் 'கவனம் இல்லை' என்று எழுதிக்கொண்டு வந்தாள்.

"இது பார்த்ததாம்மா, நினைச்சதா?"

கொஞ்சம் யோசித்துவிட்டு, "நினைச்சதுதான் மேடம்" என்றாள்.

மறுநாள் எழுதினது இது: 'பத்து நிமிடத்தில் ஏழு தடவை பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்தான். டீச்சர் வாயால் சொன்னதை உடனே எழுதினான். கரும்பலகையில் எழுதிப்போட்டதைப் பக்கத்துப் பையன் எழுதி முடித்த பிறகு எழுதினான். கண்ணைச் சுருக்கினான்.' இதைப் படித்த யாருக்கும் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துவிடும். கண் பரிசோதனை செய்து கண்ணாடி போட்டான். அவ்வளவுதான் விஷயம். 'கவனம் இல்லை' என்ற சொல் அப்படியே நின்றிருந்தால் அவன் இன்னும் இரண்டு வருடம் திட்டு வாங்கியிருப்பான்.

பார்ப்பதற்கு நல்ல நேரம் பாடவேளை இல்லை. காலை உணவு நேரம். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் நம் மதுரை நெல்பேட்டை ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. மறு வருடம் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்துவிட்டது. பிள்ளைக்குச் சாப்பாடு என்பது முதல் நன்மை. பயிற்சி ஆசிரியருக்கு அது ஒரு ஜன்னலும்கூட. உப்புமாவை எந்தக் கையால் எடுக்கிறான், விரல் கூடுகிறதா, சிந்துகிறதா. மெல்லச் சிரமப்படுகிறானா. பின்னாலிருந்து பெயர் சொன்னால் திரும்புகிறானா. தட்டைக் கழுவக் குழாயடிக்குத் தானாகப் போகிறானா, யார் பின்னாலாவது போகிறானா. இன்னொன்றையும் பார்க்கச் சொல்வேன்: அவனுக்குப் பக்கத்தில் எத்தனை சாண் இடம் விட்டு மற்றப் பிள்ளைகள் உட்காருகிறார்கள். அந்த இடைவெளியைக் குறைப்பதும் பாடத்திட்டத்தில் சேர்ந்ததுதான்.

இனி எழுத்துக்கு வருகிறேன். இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நம் வகுப்பறைகளில் அதிகம் அடிபடுவது இந்தப் பிள்ளைகள்தான். கற்றல் குறைபாடு வெளியே தெரியாது. கை கால் நன்றாக இருக்கும், பேச்சு துள்ளும், கிட்டிப்புள்ளில் முதல் ஆள். வாசிக்கச் சொன்னால் நின்றுவிடுவார்கள். 1995 சட்டத்தில் இவர்களுக்கு இடமே இல்லை. 2016இல்தான் பட்டியலில் வந்தார்கள். அதுவரை எல்லாருக்கும் ஒரே பெயர், சோம்பேறி.

மூன்றாம் வகுப்பில் ஒரு பெண் குழந்தை. பயிற்சிக்கு வந்த தம்பி ஒருவர் என்னிடம் வந்து, "இந்தப் பிள்ள வேணும்னே வாய்க்கு வந்தத வாசிக்குது மேடம்" என்றார். என்ன வாசித்தாள் என்று கேட்டேன். 'கொடி' என்ற சொல்லை 'எகரடி' என்றாளாம். பத்துத் தடவை எழுதச் சொல்லியிருக்கிறார். பத்துத் தடவையும் அழகாகவே எழுதியிருக்கிறாள். திரும்ப வாசிக்கச் சொன்னால் மறுபடியும் எகரடி.

நான் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, 'கொடி' என்று பெரிதாக எழுதி, ஒரு தாளால் மூடி, இடதுபுறமிருந்து ஒவ்வொரு துண்டாகத் திறந்து காட்டினேன். முதலில் ஒற்றைக் கொம்பு. அதை அவள் எகரம் என்று எடுத்துக்கொள்கிறாள். அடுத்தது க. அடுத்தது துணைக்கால், அதைப் பார்த்தால் ர மாதிரிதான் இருக்கிறது. கடைசியில் டி. எ, க, ர, டி. குழந்தை வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. கண்ணில் பட்ட வரிசையில், ஒன்றுகூட விடாமல், ஒழுங்காக வாசித்திருக்கிறாள். அந்தத் தம்பி கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

நமக்குப் பழகிப்போனதால் தெரிவதில்லை. தமிழில் மொத்தம் 247 எழுத்து. அதில் 216 உயிர்மெய். எகரம், ஏகாரம், ஐகாரம் சேரும்போது உயிரின் குறி மெய்க்கு முன்னால் நிற்கும். சத்தம் பின்னால் வரும். ஒகர, ஓகாரத்தில் குறி இரண்டாகப் பிரிந்து முன்னும் பின்னும் நிற்கும். ஔகாரத்தின் பின்பாதி ளகரம் போலவே இருக்கும். பெரும்பாலான பிள்ளைகள் இதைக் கேள்வி கேட்காமல் விழுங்கிவிடுகிறார்கள். சில பிள்ளைகளுக்கு விழுங்க முடிவதில்லை. பயிற்சிப் புத்தகங்களில் ஆங்கில எழுத்துகளை இடம் வலமாகப் புரட்டி எழுதுவதை அடையாளமாகச் சொல்லியிருப்பார்கள். நம் ஊர்ப் பள்ளியில் அதைத் தேடிக்கொண்டிருந்தால் நாள்தான் போகும். கொம்பையும் காலையும் பாருங்கள். ண, ன, ந குழப்பத்தையும் ல, ள, ழ குழப்பத்தையும் வைத்து மட்டும் எந்த முடிவுக்கும் வராதீர்கள். அது பாதி வகுப்புக்கும் இருக்கும்.

நாங்கள் செய்தது இதுதான். பழைய கல்யாணப் பத்திரிகைகளின் அட்டையை வெட்டினோம். மெய்யெழுத்துக்கு ஓர் அட்டை, கறுப்பு மையில். கொம்பு, இரட்டைக் கொம்பு, கால் எல்லாம் தனித்தனி அட்டை, சிவப்பு மையில். முதலில் க அட்டை மட்டும் பலகையில். ஒகரச் சத்தத்தை வாயால் சொல்லச் சொல்லி, அதன் பிறகு சிவப்பு அட்டைகளை அவள் கையாலேயே இரண்டு பக்கமும் வைக்கச் சொன்னோம். சத்தம் முதலில், குறி பிறகு. 'கொ'வை ஒரே எழுத்தாகப் பார்க்க, மூன்று அட்டைகளையும் ஒரு ரப்பர் பேண்டில் சேர்த்துக் கட்டிவிட்டார் அந்தத் தம்பி. அது அவர் யோசனை. என் 17 வருடத்தில் எனக்குத் தோன்றாதது. மணலில் விரலால் எழுதுவது, சொல்லை அசை அசையாகக் கைதட்டிப் பிரிப்பது எல்லாம் கூடவே. ஒரு நாளைக்கு இருபது நிமிடம், ஆறு வாரம். கொடி, கோழி, பொங்கல் எல்லாம் வாசித்தாள். ர, ற இன்னும் தடுமாறுகிறது. வேகம் இல்லை. இருக்கட்டும்.

இந்தப் பிள்ளைகளை எல்லார் முன்னாலும் எழுப்பி நிறுத்தி வாசிக்கச் சொல்ல வேண்டாம். தெரிந்ததை வாயால் சொன்னால் அதற்கு மதிப்பெண் கொடுங்கள். உயர்நிலைப் பள்ளிக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் இவர்களுக்குக் கூடுதல் ஒரு மணி நேரம், சொல்வதை எழுத ஆள், ஒரு மொழிப்பாட விலக்கு என்று சலுகைகள் உண்டு. சான்று இல்லாமல் எதுவும் கிடைக்காது. அதற்கு அலைவதை ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்க வேண்டும். ஹால் டிக்கெட் வரும் நேரத்தில் ஞாபகம் வந்து என்னைத் தேடி வந்து அழுத பெற்றோர் உண்டு.

காது கேளாத பிள்ளைகளைப் பற்றி வகுப்பெடுப்பதை நிறுத்திவிட்டு ஒரு பயிற்சி வைத்தேன். இரண்டிரண்டு பேராக எதிரெதிரே உட்கார வேண்டும். ஒருவர் சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைக்க வேண்டும். நான் சீட்டில் எழுதிக் கொடுத்த சொற்கள்: பாட்டு, மாட்டு. படம், மடம். பணம், மணம். முதலில் சிரிப்பார்கள். பிறகு ஒருவருமே சரியாகச் சொல்ல முடியாமல் போகும்போது சிரிப்பு அடங்கும். பகரத்துக்கும் மகரத்துக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கிறது. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் பிள்ளை அரைகுறையாகக் கிடைத்ததை வைத்து மீதியை ஊகித்துக்கொண்டே நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறது. அதன் பிறகு நான் விளக்க வேண்டியதில்லை. கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு பேசினால் அந்த ஊகமும் போய்விடும், ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் முகம் இருட்டாகிவிடும் என்று அவர்களே சொல்வார்கள்.

காது மெஷின் பற்றி இரண்டு வார்த்தை. மெஷின் கொடுத்தாயிற்று என்று பதிவேட்டில் இருக்கும், காதில் இருக்காது. "பள்ளிக்கொடத்துல ஒடச்சுப்புடுவான்னு பீரோல வச்சிருக்கோம் டீச்சர்" என்பார் அம்மா. அவர் பயம் நியாயமானது. திட்டாமல், முதல் ஒரு மாதம் மெஷினைக் கழற்றி மாட்டுவது என் பொறுப்பு என்று வகுப்பாசிரியர் சொன்னால் பீரோ திறக்கும். அப்புறம், மெஷின் எல்லாச் சத்தத்தையும்தான் கூட்டும். மின்விசிறிக்கு நேர் கீழே, கடகடவென்று ஆடும் கதவுப் பக்கம் அந்தப் பிள்ளையை உட்கார வைக்காதீர்கள்.

வலிப்பு. இதை மட்டும் நான் கெஞ்சிக் கேட்பேன், நடித்தும் காட்டுவேன். கையில் சாவி கொடுக்காதீர்கள். இரும்பு கொடுத்தால் நிற்கும் என்பது உண்மையில்லை, அதுவாகத்தான் நிற்கிறது. வாயில் கரண்டி, துணி, விரல் எதையும் வைக்காதீர்கள். கையையும் காலையும் அழுத்திப் பிடிக்காதீர்கள். சுற்றியிருக்கும் பெஞ்சை நகர்த்துங்கள், தலைக்கு அடியில் மெத்தென்று எதையாவது வையுங்கள், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நின்று மறுபடி வந்தாலோ 108. தெளிந்து எழும்போது அந்தப் பிள்ளை முதலில் பார்ப்பது சுற்றி நிற்கும் முகங்களைத்தான், அதனால் மற்றப் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிடுங்கள். உடை நனைந்திருக்கலாம். அலமாரியில் ஒரு மாற்றுடை இருக்கட்டும்.

பாடம் நடத்துவது பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தனிப் பாடத்திட்டம் இருக்கிறதா மேடம் என்று எல்லோரும் கேட்பார்கள். தனியாக எழுதிக்கொண்டு வந்தால் அது தனியாகவே நின்றுவிடும். நான் நேரில் பார்த்த நல்ல வகுப்பு ஒன்றைச் சொல்கிறேன்.

நான்காம் வகுப்பு, நீளத்தை அளத்தல். பயிற்சிக்கு வந்த பெண் கயிறு கொண்டுவந்திருந்தாள். மதுரைப் பிள்ளைகளுக்கு முழம் என்றால் சொல்லித்தர வேண்டாம். பூக்காரம்மா மல்லிகையை அளப்பதை அன்றாடம் பார்க்கிறவர்கள். ஒவ்வொருவரும் தன் முழத்தால் கயிற்றை அளந்து எண்ணிக்கை சொல்ல வேண்டும். அந்த வகுப்பில் மூளை முடக்குவாதம் உள்ள ஒரு பையன். வலது கை மணிக்கட்டில் மடங்கி இருக்கும், விரல் விரியாது. பாடக்குறிப்பில் அவன் பெயருக்கு எதிரே 'உற்றுநோக்குவான்' என்று எழுதியிருந்தாள். நான் அதன் கீழே ஒரு கோடு போட்டேன், ஒன்றும் சொல்லவில்லை.

வகுப்பு நடந்தது. ஆறு முழம், ஆறரை, ஆறு என்று வந்துகொண்டிருந்தது. அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு கயிற்றை அவனிடம் கொண்டுபோனாள். அவன் மடங்கிய கையாலேயே அளக்க ஆரம்பித்தான். நேரம் ஆனது. நடுவில் கயிறு இரண்டு தடவை நழுவியது. பக்கத்திலிருந்த பிள்ளை எட்டிப் பிடிக்கப் போனபோது அவள் கையமர்த்தினாள். கடைசியில் அவன் "எட்டு" என்றான். வகுப்பு கசமுசவென்றது. ஒருத்தி, "தப்பு டீச்சர், ஆறுதான" என்றாள்.

"தப்பா? அவன் சரியாத்தான எண்ணுனான். அப்பறம் ஏன் எட்டு வந்துச்சு?"

அவன் முழம் சின்னது என்றார்கள். அப்படியானால் பூக்காரம்மாவிடம் ஆறு முழம் கேட்டால் யார் கையால் அளப்பது? டீச்சர் கையாலா, இவன் கையாலா? அங்கேயிருந்து எல்லோருக்கும் பொதுவான அளவு வேண்டும் என்று பிள்ளைகளே வந்து சேர்ந்தார்கள். மீட்டர் அளவுகோலை அவள் அப்போதுதான் வெளியே எடுத்தாள். அவனுடைய எட்டு இல்லாமல் அந்தப் பாடம் அவ்வளவு தெளிவாக ஏறியிருக்காது. அளவுகோலின் ஒரு முனையை அவன் இடது கையால் பிடித்துக்கொண்டான். பாடவேளை முடிந்ததும் அவள் பாடக்குறிப்பை எடுத்து 'உற்றுநோக்குவான்' என்பதை அடித்துவிட்டு 'அளப்பான்' என்று எழுதினாள்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குச் சத்தம்தான் பெரிய சோதனை. நம் ஊர்ப் பக்கம் பங்குனி, சித்திரை வந்தால் சொல்லவே வேண்டாம். பள்ளிக்கு எதிரே கோயில் மரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டிவிடுவார்கள். காதைப் பொத்திக்கொண்டு ஓடும் பிள்ளையை அடங்காத பிள்ளை என்பார்கள். ஒரு பயிற்சி ஆசிரியை, மணி அடிப்பதற்கு இரண்டு நிமிடம் முன்னால் மணி படம் போட்ட அட்டையைக் காட்டி, அவனைக் கூட்டிக்கொண்டு தூரத்து வேப்பமரத்தடிக்குப் போய்விடுவார். மூன்று வாரத்தில் அவனே அட்டையை எடுத்துக்கொண்டு அவரைத் தேடினான். திருவிழா நாட்களில் ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் பேசி, பள்ளி நேரத்தில் ஸ்பீக்கரின் முகத்தைத் திருப்பிக் கட்ட வைத்தார். நான் கேட்டிருந்தால் நடந்திருக்குமா தெரியாது. வாரம் ஒரு நாள் வருகிறவளுக்கு ஊர் அவ்வளவு இடம் தராது.

அங்கேதான் நான் முதலில் சொன்னதற்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், தொடக்க வகுப்புகளில் இப்படிப்பட்ட 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் 15 பிள்ளைகளுக்கு ஒருவர் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. அது முழுசாக நடக்க வேண்டும், நான் அதற்காகக் குரல் கொடுப்பேன். நடந்தாலும்கூட, அந்தப் பிள்ளை அதிக நேரம் இருக்கப்போவது வகுப்பாசிரியரோடுதான். "சிறப்புப் பள்ளிக்கு அனுப்பினா நல்லா இருக்குமே" என்று சிலர் பெற்றோரிடம் மெல்லச் சொல்வதுண்டு. 2016 சட்டப்படி 6 முதல் 18 வயது வரை பக்கத்துப் பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிப்பது அந்தப் பிள்ளையின் உரிமை. தேர்ந்தெடுப்பது குடும்பம். புது ஆசிரியர் இதைத் தெரிந்து வைத்திருந்தால் அந்தப் பேச்சில் தலையாட்டமாட்டார்.

பயிற்சிக் கல்லூரிகளில் பாடம் எடுக்கும் என் தோழிகளிடம் நான் கேட்பது ஒன்றுதான். தேர்வுக்கு முன்னால் ஒவ்வொரு மாணவரும் ஒரே ஒரு பிள்ளையோடு ஒரு மாதம் இருக்கட்டும். அந்த வீட்டுக்கு இரண்டு தடவை போகட்டும். அம்மாவிடம் பேசட்டும். பேசும்போது குறையிலிருந்து ஆரம்பிக்காமல், பிள்ளை இன்றைக்குச் செய்த ஏதாவது ஒன்றைச் சொல்லி ஆரம்பிக்கட்டும். 'பாவம்' என்ற சொல்லை அந்த வாசலில் வைத்துவிட்டு உள்ளே போகட்டும். எந்தெந்த ஆஸ்பத்திரி வாசலில் எத்தனை நாள் நின்றார்கள், அடையாள அட்டைக்கு எத்தனை நாள் கூலி போனது என்று அந்த அம்மா சொல்வார்கள். அதைக் கேட்டுவிட்டு வருகிறவர், மறுநாள் அந்தப் பிள்ளை தாமதமாக வந்தால் வாசலில் நிறுத்தமாட்டார்.

முழம் அளந்த பாடம் நடத்திய அந்தப் பெண் இப்போது ஒரு பள்ளியில் ஆசிரியை. அங்கேயும் என் வட்டாரத்துப் பிள்ளை ஒருவன் இருக்கிறான், தசை பலவீனம், நடக்கச் சிரமப்படுவான். போன மாதம் ஒரு புதன்கிழமை, எனக்கு அந்தப் பள்ளி நாள் இல்லை, சாயங்காலம் போன் செய்தாள்.

"மேடம், எங்க கிளாஸ் பையன் மூணு நாளா வரல. போன் போட்டா எடுக்க மாட்டேங்கிறாங்க. பஸ்ஸு எறங்குற எடத்துல நிக்கிறேன். அவங்க வீடு எந்தத் தெரு மேடம்?"

டீக்கடைக்கு எதிர்ச் சந்து, அடிகுழாய் தாண்டி மூன்றாவது வீடு என்று சொன்னேன்.